உடம்பை வளைக்காதீர்கள், ஹேண்டிலைத் திருப்புங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஏச நினைப்பவர்கள் தாராளமாக ஏசுங்கள், ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளாவது நிற்கிறது. சில வீடுகளில் வாப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒரு ஸ்கூட்டி. ஜும்ஆவுக்கு முன்னால் கழுவித் துடைத்து வைக்கிறோம். ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், லைட் மாற்றுகிறோம், சைலன்சர் மாற்றுகிறோம். ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த பைக் என் உடம்புக்குச் சரியாக இருக்கிறதா? கை சரியாக எட்டுகிறதா? கால் பிரேக்கில் சரியாக விழுகிறதா?

கேட்டால் சிரிப்பார்கள். "என்ன சேர், பைக் என்ன உடுப்பா, அளவெடுத்துத் தைக்க?"

ஆம் தம்பி, உடுப்புதான். உடுப்பு அளவில்லாவிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். பைக் அளவில்லாவிட்டால் மணிக்கட்டு போகும், முதுகு போகும், முழங்கால் போகும். ஒருநாள் உயிரும் போகலாம்.

முதலில் என்னுடைய மடத்தனத்தைச் சொல்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் ஒரு பாடசாலைக்கு பல வருடம் போய் வந்தவன் நான். போக நாற்பது கிலோமீற்றருக்கு மேல், வரவும் அவ்வளவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு பாவித்த பைக்குகளின் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் என் பழைய பைக் கைவிட்டது. கிடைத்ததை வாங்கினேன். அது ஒரு இளைஞன் ஓடிய பல்சர். அவன் ஸ்டைலுக்காக ஹேண்டிலை முன்பக்கமாகச் சுழற்றி இறக்கி, பிரேக் லீவரையும் கிளச் லீவரையும் மேலே தூக்கி வைத்திருந்தான். நான் அதைக் கவனிக்கவே இல்லை. என்ஜின் சத்தம் கேட்டேன், புகை பார்த்தேன், புத்தகம் பார்த்தேன், காசு கொடுத்தேன். ஒரு நிமிடம் ஏறி இருந்து, கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

நாலைந்து மாதத்தில் வலது கை பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகத் தொடங்கின. முதலாம் பாடவேளையில் கரும்பலகையில் எழுதும்போது சோக் கையிலிருந்து விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இரவில் விரல்கள் விறைத்து நித்திரை குழம்பும். பாம் பூசினேன், வலிக்குளிசை போட்டேன், மணிக்கட்டுக்குப் பட்டி வாங்கிக் கட்டினேன். டொக்டர் நல்ல மனிதர், மணிக்கட்டு வழியாக வரும் நரம்பு அமுங்குகிறது, கையை மடித்து வைத்து அதிக நேரம் வேலை செய்யாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார். எழுதுவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் பைக்கில் கையை மடித்து வைத்திருப்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒருநாள் தம்பிலுவிலில் டயர் பஞ்சராகி, ரோட்டோரக் கடை ஒன்றில் நின்றேன். வயதான தமிழ் பாஸ் ஒருவர். பஞ்சரை ஒட்டி முடித்து, நான் ஏறி ஸ்டார்ட் பண்ணும்போது கையைக் காட்டி நிறுத்தினார்.

"சேர், கொஞ்சம் அப்படியே இருங்க பாப்பம். கை என்னத்துக்கு இப்படி மடிஞ்சு கிடக்கு? நோகல்லியா?"

நோகிறது என்றேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்தார்.

என்னை இறங்கவே விடவில்லை. ஹேண்டிலைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தினார், இருந்தபடியே கையை வைக்கச் சொன்னார், ஹேண்டிலைக் கொஞ்சமாக என் பக்கம் திருப்பினார், லீவர் இரண்டையும் கீழே இறக்கினார், இறுக்கினார். பஞ்சருக்கு எடுத்த காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பத்து நிமிட வேலை. கோமாரி தாண்டும்போதே வித்தியாசம் தெரிந்தது. விரல் மரத்துப்போவது முழுதாக நிற்க சில மாதம் எடுத்தது, ஆனால் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தை விட வெட்கம்தான் கூட. பட்டம் படித்தவன், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவன். நெம்புகோல் படம் கீறி, விசை எங்கே, சுமை எங்கே என்று விளக்குபவன். என் கையில் இருந்த நெம்புகோலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இனி, இந்த விஷயத்தில் நம் ஆட்கள் சொல்லும் சாட்டுகளுக்கு வருவோம்.

முதல் சாட்டு: "பழகினா சரியாகும்."

உடம்பு பழகாது, தாங்கும். தாங்கிக்கொண்டு இருக்கும், ஒருநாள் நிறுத்தும். பள்ளிவாசலில் கதிரை போட்டுத் தொழுகிறவர்களின் வரிசை நீண்டுகொண்டு போகிறது, அதில் நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். எல்லாம் பைக்கால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சீனி, நிறை, வேலை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் முழங்காலை இறுக்கி மடித்து, முதுகைக் கூனி, வருடக்கணக்காக ஒரு பிழையான இருப்பில் ஓடினால் அதற்கும் கணக்கு உண்டு. உடம்பு அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். அந்த அமானிதத்தை ஒரு 12 நம்பர் ஸ்பானரால் காப்பாற்ற முடியும் என்றால் செய்யாமல் இருப்பது பொறுமை இல்லை, அலட்சியம்.

இரண்டாவது சாட்டு: "கம்பனி செட் பண்ணி அனுப்பினத நாம என்னத்துக்குத் தொடணும்?"

கம்பனி உங்களை அளந்து செய்யவில்லை. ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே பைக்தான் வருகிறது. அதனால்தான் ஹேண்டிலைத் தளர்த்தித் திருப்ப முடிகிற மாதிரி கிளாம்ப் வைத்தான், லீவரைச் சுழற்ற முடிகிற மாதிரி வைத்தான், பிரேக் பெடலின் உயரத்தை மாற்ற ஒரு போல்ட் வைத்தான், பின் சொக்கில் படிப்படியாக இறுக்கும் வளையம் வைத்தான். இவ்வளவையும் வைத்தது சரிசெய்யத்தான். பைக்கோடு வரும் கைநூலை நாம் பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல் அலுமாரியில் வைக்கிறோம்.

மூன்றாவது சாட்டு இளைஞர்களுடையது: "சேர், ஹேண்டில இறக்கினாத்தான் லுக்."

மக்காள், உங்களிடம் கொஞ்சம் நேரடியாகப் பேசுகிறேன். நீங்கள் யூடியூப்பில் பார்க்கும் ரேஸ் பைக்குக்குத் தாழ்ந்த ஹேண்டில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சில் அடித்து மேல் உடம்பைத் தாங்கும். கையில் பாரம் விழாது. எங்கள் மார்க்கட் ரோட்டில் ஓட்டோவுக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் நடுவில் இருபதில் ஓடும்போது எந்தக் காற்று தாங்கும்? முழுப் பாரமும் இரண்டு மணிக்கட்டில். அதோடு தாழ்த்திய ஹேண்டில் டாங்கியில் இடிக்கிறது, முழுதாகத் திருப்ப முடியாது. சந்தியில் யூ டேர்ன் எடுக்க இரண்டு தரம் முன்னும் பின்னும் தள்ளுகிறீர்களே, அதுதான் இது.

ஹேண்டிலை வெட்டிக் குறுக்கிய பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நீளம் குறைந்தால் திருப்ப அதிக பலம் வேண்டும். எட்டாம் ஒன்பதாம் ஆண்டில் படித்த அதே நெம்புகோல்தான். பரீட்சைக்கு எழுதினீர்கள், பைக்கில் மறந்துவிட்டீர்கள்.

நான்காவது சாட்டு: "பொலிஸ் மொடிபை எண்டு புடிப்பான்."

ஹேண்டிலையே கழற்றி வேறு சாமான் போடுவது, சட்டத்தை வெட்டுவது, கட்டமைப்பை மாற்றுவது ஒரு விஷயம். அதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி என்ற கதை வரும். தயாரித்தவன் வைத்த கிளாம்புக்குள் அதே ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்புவது வேறு விஷயம். அது கதிரையை மேசைக்குக் கிட்ட இழுப்பது மாதிரி. இரண்டையும் குழப்பாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், பொலிஸுக்குப் பயம் என்று இதைச் சொல்பவர்களில் பாதிப்பேரின் பைக்கில் சைட் கண்ணாடி இல்லை.

சொகுசு என்றால் நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம். "ஆம்பிளைக்கு என்ன சொகுசு?" என்பார்கள். நான் பேசுவது சொகுசை மட்டும் அல்ல. பிரேக்கைப் பற்றியும் பேசுகிறேன்.

அறுபதில் ஓடும் பைக் ஒரு செக்கனில் ஏறக்குறைய பதினேழு மீற்றர் போகிறது. அரைச் செக்கன் தாமதம் என்றால் எட்டு மீற்றர். உங்கள் பிரேக் பெடல் கால்மிதியை விட மிக உயரத்தில் இருந்தால், மிதிக்க முதலில் காலை முழுதாகத் தூக்க வேண்டும். மிகத் தாழ்வாக இருந்தால் கால் தேடிப் போக வேண்டும். முன் பிரேக் லீவர் மேலே தூக்கி இருந்தால், விரல்கள் மேலே ஏறி அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அந்த அரைச் செக்கன் இங்கேதான் போகிறது. கோமாரிப் பக்கம் ஒரு மஃரிப் நேரம் மாடு ஒன்று குறுக்கே வந்தது. என் கால் பெடலைத் தூக்கி மிதிக்கப் போன நேரத்தில் மாட்டின் வால் என் முழங்காலில் பட்டது. அவ்வளவு கிட்ட. வீட்டில் யாருக்கும் இன்று வரை சொல்லவில்லை. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஏசிவிட்டு மட்டும் போகக்கூடாது.

1. பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, வழக்கமாக ஓடும்போது இருக்கிற மாதிரி ஏறி இருங்கள். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, கையை இயல்பாக நீட்டுங்கள். கை போய் விழும் இடமும் ஹேண்டில் இருக்கும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். விறைப்பாக நீண்டால் ஒவ்வொரு குழியும் தோளில் இடிக்கும்.

2. குழாய் ஹேண்டில் உள்ள பைக்கில் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பல ஹேண்டில்களில் கம்பனி வைத்த ஒரு சிறு புள்ளி அடையாளம் இருக்கும், அதுதான் தொடக்க இடம். அதிலிருந்து அதிகம் விலக வேண்டாம்.

3. அடுத்தது லீவர். விரல்களை லீவரில் வைத்தால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்கோடாக வர வேண்டும். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடியக்கூடாது. கிளச் லீவரின் நுனியில் பொதுவாக ஒரு சென்ரிமீற்றரிலிருந்து இரண்டு வரை ஆட்டம் இருக்க வேண்டும்.

4. பிரேக் பெடல். காலைக் கால்மிதியில் வைத்தபடியே, பாதத்தை மட்டும் சாய்த்து மிதிக்க வேண்டும். உயரத்தை மாற்றினால் பின் பிரேக்கின் ஆட்டத்தையும், பிரேக் லைட் சுவிட்சையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். லைட் எரியாமல் போனால் பின்னால் வருபவன் உங்கள் மேல் ஏறுவான். கியர் லீவரும் அப்படித்தான், ஒரு பல் மாற்றிப் போட்டாலே கணுக்காலுக்குப் பெரிய வித்தியாசம்.

5. கால்மிதி. சீ.டி. 100, ஸ்ப்ளெண்டர் மாதிரி பைக்குகளில் என்ஜினுக்குக் கீழே போல்ட் பண்ணிய ஒரே கம்பிதான் கால்மிதி. அதை நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் ஒருதரம் விழுந்த பைக்கில் அது வளைந்திருக்கும். ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு. இடுப்பு வலி எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம். பின்னால் நின்று பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று. வளைந்தால் நிமிர்த்துங்கள் அல்லது மாற்றுங்கள். ரப்பர் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், மழைக்குக் கால் வழுக்கும்.

6. உயரமானவர்களே, முழங்கால் நோகிறதா? கால்மிதியை இறக்க முடியாது, சீட்டை ஏற்ற முடியும். பழைய சீட்டின் ஸ்பொஞ் அமுங்கிப் போயிருக்கும். குஷன் வேலை செய்யும் கடையில் கொடுத்து ஒரு அங்குலம் ஏற்றினாலே முழங்கால் விரியும். உயரம் குறைந்தவர்கள் இதைச் செய்யக்கூடாது, அவர்களுக்குக் கால் நிலத்தில் ஊன்றுவதுதான் முக்கியம்.

7. எல்லாம் முடிந்த பிறகு, ஓட முன்னால், இது கட்டாயம். என்ஜினை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் வைத்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். திருப்பும்போது என்ஜின் சத்தம் தானாக ஏறினால் எக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, அப்படியே ஓட வேண்டாம். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டாங்கியில் கை நசுங்குகிறதா பாருங்கள். ஹேண்டிலை மேலும் கீழும் அமுக்கிப் பாருங்கள், கிளாம்பில் அசைந்தால் போல்ட் போதவில்லை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை நீங்களாகச் செய்யாதீர்கள், கராஜுக்குப் போங்கள்.

கராஜ் என்றதும் பாஸ்மாருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒயில் மாற்றுகிறீர்கள், செயின் இறுக்குகிறீர்கள், பிளக் பார்க்கிறீர்கள். சேவிஸ் முடிந்து பைக்கைக் கொடுக்கும்போது "ஏறி இருங்க பாப்பம்" என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள். தம்பிலுவில் பாஸ் எனக்குச் சொன்னது அந்த வார்த்தைதான். நாங்களும் ஒன்றைத் திருத்த வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கேட்டால் "இதுக்குமா காசு?" என்று பேரம் பேசுவது நாங்கள்தான். ஸ்டிக்கருக்குக் கொடுப்போம், இதற்குக் கொடுக்க மாட்டோம்.

கடைசியாக, நான் இதை எழுத உண்மையான காரணம்.

எங்கள் பாடசாலையில் ஆசிரியைகள் பலர் இப்போது ஸ்கூட்டியில்தான் வருகிறார்கள். பெண்கள் ஸ்கூட்டி ஓடலாமா கூடாதா என்று இந்த ஊரில் எத்தனை வருடம் விவாதித்தோம்? மேடையில், வட்சப் குரூப்பில், தேத்தண்ணிக் கடையில். அவ்வளவு பேசிய நாம், அவளுக்குப் பிரேக் லீவர் எட்டுகிறதா என்று ஒருதரம் கேட்டோமா? சின்னக் கை, தூரத்தில் லீவர், விரல் நுனியால்தான் பிடிக்கிறாள். கால் முழுதாக ஊன்ற முடியாமல் ஒற்றைப் பெருவிரலில் நிற்கிறாள். கணவன் தனக்குப் பிடித்த நிறத்தில் வாங்கிக் கொடுத்தது, அல்லது தம்பி பாவித்துவிட்டுக் கொடுத்தது. ஸ்கூட்டியில் ஹேண்டிலைப் பெரிதாகத் திருப்ப முடியாது, அதனால் வாங்கும் முன்பே ஓடப்போகிறவள் ஏறி இருந்து பார்க்க வேண்டும். வாங்கிவிட்டீர்களா? பின் பிரேக்கின் ஆட்டத்தைச் சரிபார்த்து விடுங்கள், தேவையென்றால் சீட்டின் ஸ்பொஞ்சைக் குறைத்துக் கொடுங்கள், அபாயா சில்லில் சிக்காமல் இருக்கிறதா பாருங்கள். ஓடலாமா என்று பத்வா கேட்கத் தெரிந்த நமக்கு, நிற்பாட்ட முடியுமா என்று கேட்கத் தெரியவில்லை.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஒருவர் ஏறி இருக்கும்போது மணிக்கட்டு மடிகிறதா என்று பார்க்கக் கண் போதும். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் இருப்பேன். பைக்கோடு வாருங்கள், இருந்து காட்டுங்கள். எது பிழை என்று பார்த்துச் சொல்கிறேன். திருப்பி இறுக்க, கைதேர்ந்த ஒரு பாஸும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குரிய காசை அவருக்குக் கொடுங்கள். ஆசிரியைகள் கணவரோடோ வாப்பாவோடோ வந்தால் என் மனைவி உள்ளே தேத்தண்ணி வைத்திருப்பார்.

வர முடியாதவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். நாளைக்குக் காலை பைக்கை ஸ்டார்ட் பண்ண முன்னால் ஒரு நிமிடம் சும்மா ஏறி இருந்து உங்கள் கையைப் பாருங்கள்.

மடிந்து கிடக்கிறதா?

அப்படியென்றால் இன்னும் ஏன் பாம் வாங்குகிறீர்கள்?